கோவையில் இருந்தபடி கோத்தகிரி வீட்டு மோடத்தைத் தட்டி எழுப்புவது எப்படி?

காலை ஐந்தே முக்காலுக்குப் பால்காரர் எங்கள் வீட்டு மேல் வளைவில் வந்து நிற்பார். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் நான் கோவையில் எழுந்து, போனில் கோத்தகிரி வீட்டுக் கேமராவைத் திறப்பேன். முன்வாசல், பின்வாசல், பேரி மரத்தடி. மூன்றையும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லைம்மா, போய் வாங்கு" என்றால்தான் அம்மா தாழ்ப்பாளைத் தூக்குவாள். கோத்தகிரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் தெருவில் நாய்க்கு அடுத்தபடியாக நடமாடுவது கரடி. அப்புறம் காட்டுமாடு.

அம்மாவுக்கு 71 வயது. "அந்தத் தேய்க்கிற போன் எனக்கு வேண்டாம்" என்று பட்டன் போனோடு நிற்கிறாள். அதனால் கேமராவைப் பார்க்கும் வேலை என்னுடையது. அது நடக்க வேண்டுமென்றால் ஹாலில் இருக்கும் ஃபைபர் மோடம் உயிரோடு இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது அது தொங்கிப் போகும். கூப்பிட்டு, "அந்த டப்பாவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்பேன். அம்மா டிவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாள். ஒருமுறை மேல்வீட்டுத் தம்பி உதவிக்கு வந்து, பின்பக்கம் இருந்த சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்திவிட்டான். அது ரீஸ்டார்ட் இல்லை, ரீசெட். இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை பெயர் எல்லாம் துடைத்துக்கொண்டு போயிற்று. கேபிள்காரத் தம்பி வந்து மறுபடி ஏற்றிக் கொடுக்க நான்கு நாள். அன்றே அந்த ஓட்டையின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். நீங்களும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள், செலவே கிடையாது.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் லேப் பார்த்துக்கொள்கிறவள். ரிலே என்றால் கைக்குப் பதில் மின்சாரமே தட்டும் சுவிட்ச் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியிருந்தும் இந்த ஒரு மோடத்தைத் தூரத்திலிருந்து அணைத்து ஏற்ற மூன்று முறை முட்டாளானேன். செய்முறையோடு அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விளக்கைப் பாருங்கள்

சுவிட்ச் வாங்குவதற்கு முன், மோடத்தின் முகத்தில் எரியும் விளக்குகளை ஒரு மாதம் கவனியுங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக இருந்தால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை என்று பொருள். எங்காவது கம்பி அறுந்திருக்கும். சில்வர் ஓக் கிளை விழுந்திருக்கும், குரங்கு தொங்கியிருக்கும், எலி கடித்திருக்கும். அதற்கு நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயன் கிடையாது. கேபிள்காரரைத்தான் கூப்பிட வேண்டும். பி.ஓ.என். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் எதிர்ப்பக்கத்தோடு இன்னும் கைகுலுக்கவில்லை. எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தும் நெட் வரவில்லை என்றால், அதுதான் நாம் தேடும் நோய். அதற்குத்தான் ரீஸ்டார்ட் மருந்து.

அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க விளக்குகளின் பெயர் தேவைப்படவில்லை. எல்.ஓ.எஸ். விளக்குக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். "பொட்டுக்குக் கீழ செவப்பு எரியுதாம்மா?" என்று ஒரு கேள்வி போதும்.

ஏன் தொங்குகிறது? மலையில் கரண்ட் முழுசாகப் போவதைவிடப் பாதி போய் வருவதுதான் அதிகம். ஒரு கிளை லைனில் உரசினால் வோல்டேஜ் ஒரு கணம் குழிந்து எழும். மோடம் அணையும் அளவுக்கு அது இறங்காது. ஆனால் உள்ளே இருக்கும் சிப் குழம்பிப்போகும் அளவுக்கு இறங்கும். அணைந்திருந்தால் தானே புதிதாக எழுந்திருக்கும். அரைகுறையாக நின்றதால் மயங்கியபடி கிடக்கிறது. 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்துக் கோயம்புத்தூர் மில்களை ஓடவிட்ட மலை இது. அம்மா வீட்டு டியூப்லைட் மட்டும் இன்னும் கண்சிமிட்டுகிறது.

இன்னொன்று, அடாப்டர். மோடத்தோடு வரும் 12 வோல்ட் அடாப்டர் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும், சுமை ஏறியதும் தள்ளாடும். அடிக்கடி தொங்குகிற மோடம் என்றால் முதலில் அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது கொஞ்சம் கூடுதல் ஆம்பியர் உள்ள நல்ல அடாப்டர் ஒன்று மாற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது மட்டுமே பாதி நோயைத் தீர்த்தது. மீதிப் பாதிக்குத்தான் கீழே வரும் பாடு எல்லாம்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதை

ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு வைஃபை ஸ்மார்ட் பிளக் வாங்கினேன். சுவரில் பிளக், அதில் மோடம் அடாப்டர். போனில் பட்டனைத் தட்டினால் 'டிக்' என்று ரிலே சத்தம். கோத்தகிரியில் இருக்கும்போது நான்கு முறை தட்டிப் பார்த்துவிட்டு, பெருமையாகக் கோவைக்குப் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் நெட் மந்தமாக இருந்தது. ஆபீஸ் நாற்காலியில் இருந்தபடி 'ஆஃப்' தட்டினேன். ஆஃப் ஆனது. 'ஆன்' தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு விநாடியில் புரிந்து நெற்றியில் அடித்துக்கொண்டேன். பிளக்குக்கு வைஃபை கொடுப்பது அந்த மோடம்தான். மோடத்தை அணைத்துவிட்டால் பிளக்குக்குச் செய்தி எந்த வழியாகப் போகும்?

அம்மாவைக் கூப்பிட்டு, "பிளக்கு மேல ஒரு பட்டன் இருக்கும், அமுக்கு" என்றேன். "டிவியிலயா கண்ணு?" என்றாள். சனிக்கிழமைதான் போக முடிந்தது. மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரு பயணம், அங்கிருந்து 33 கிலோமீட்டர் வளைவு வளைவாக ஏற்றம், ஒரு பட்டனை அமுக்க. காரில் போகலாம் என்றால் இ-பாஸ். 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிக்கு அது உண்டு, என் வண்டி கோவைப் பதிவு. பிறந்த வீட்டுக்குப் போக அனுமதி கேட்பதற்குப் பஸ்ஸே மேல் என்று ஏறிவிட்டேன்.

ஆக, வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அணைத்த பிறகு, யாருடைய உதவியும் இல்லாமல், இது தானாக ஏறுமா? இந்தத் திறமை பிளக்குக்குள்ளேயே இருக்க வேண்டும். சர்வரில் இருந்தால் பயனில்லை, போனில் இருந்தாலும் பயனில்லை. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 'ஆட்டோ ஆன்' என்பார்கள், 'இன்ச்சிங்' என்பார்கள். இன்ச்சிங்கில் ஒரு கண்ணி உண்டு. பல கருவிகளில் அது 'ஆன் ஆனால் கொஞ்ச நேரத்தில் தானே ஆஃப்' என்ற வகை. நமக்கு வேண்டியது அதற்குத் தலைகீழ்.

டாஸ்மோட்டா மென்பொருள் ஓடும் பிளக்காக இருந்தால் இரண்டே கட்டளை: பவர்ஆன்ஸ்டேட் 5, பல்ஸ்டைம் 130. பல்ஸ்டைமில் 111-க்கு மேற்பட்ட எண்ணில் நூறைக் கழித்தால் விநாடி. அதாவது 130 என்றால் 30 விநாடி. எப்போது அணைத்தாலும் 30 விநாடியில் தானே ஏறும். கரண்ட் போய் வந்தாலும் 30 விநாடி பொறுத்து ஏறும். கரண்ட் வந்த முதல் சில நொடிகளில் வோல்டேஜ் தாறுமாறாக ஆடும் எங்கள் ஊரில் இந்தப் பொறுமை நல்லதுதான். சாதாரண பிளக்கில் பழைய மென்பொருளை நீக்கி டாஸ்மோட்டா ஏற்றப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: பிளக்கைத் திறந்து ஒயர் வைக்கும்போது சுவர் மின்சாரம் துளியும் தொடர்பில் இருக்கக்கூடாது. உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. கம்ப்யூட்டரும் போகும், ஆளும் போகலாம்.

ஏன் 30 விநாடி? அடாப்டருக்குள்ளும் மோடத்துக்குள்ளும் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வடிய வேண்டும். இரண்டு விநாடியில் மறுபடி ஏற்றினால் சிப் முழுசாகச் சாகாமல் பழைய மயக்கத்தோடே எழும். அதே போல, ஏறியவுடன் நெட் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் மோடம் ஃபைபரோடு பேசிச் சேர இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் பொறுமையில்லாமல் மறுபடி தட்டுகிறவர்கள்தான் அதிகம். நானும் தட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் வேண்டாம், தினமும் ஒரு முறை அணைந்து ஏறினால் போதும் என்பவர்களுக்கு எலெக்ட்ரிக்கல் கடையில் டிஜிட்டல் டைமர் சுவிட்ச் கிடைக்கும். அதிகாலை நான்கு மணிக்கு ஆஃப், நான்கு ஒன்றுக்கு ஆன். வைஃபை தேவையில்லை. உள்ளே பேட்டரி இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். திருகு போட்டுச் சுற்றும் பழைய வகை, கரண்ட் போகும்போதெல்லாம் நின்று நின்று ஓடும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதன் நான்கு மணி நம் மத்தியானமாகியிருக்கும். ஸ்மார்ட் பிளக்கில் நேர அட்டவணை போடுகிறவர்களும் ஒன்றைக் கவனியுங்கள்: பல பிளக்குகளுக்குச் சொந்தக் கடிகாரம் இல்லை, நெட்டிலிருந்துதான் மணி கேட்கும். நெட் இல்லாதபோது கரண்டும் போய் வந்தால் அதற்கு மணி என்னவென்றே தெரியாது.

மினி யூ.பி.எஸ். போட்டதும் சுவிட்ச் செத்தது

பிளக் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிய பிறகு, மோடத்துக்கு ஒரு மினி யூ.பி.எஸ். வாங்கினேன். கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமெல்லாம் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு ஒரு பேட்டரி இல்லாமல் தூக்கம் வராது. அடாப்டரை யூ.பி.எஸ்ஸில் செருகி, யூ.பி.எஸ்ஸிலிருந்து மோடத்துக்கு 12 வோல்ட். எங்கள் வீட்டில் மூன்று மணி நேரம் தாங்கியது. சந்தோஷம்.

அடுத்த முறை மோடம் தொங்கியபோது கோவையிலிருந்து அணைத்தேன். பிளக் சொன்னபடி கேட்டது, அணைந்தது, 30 விநாடியில் ஏறியது. மோடம் அசையவே இல்லை. அசையுமா? சுவரில் கரண்டை நிறுத்தினால் யூ.பி.எஸ். பேட்டரியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். அது வாங்கப்பட்டதே அதற்குத்தானே! வகுப்பில் ஒரு பிள்ளை இந்தத் தப்பைச் செய்திருந்தால் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

வெட்ட வேண்டிய இடம் யூ.பி.எஸ்ஸுக்கும் மோடத்துக்கும் நடுவே. இதில் ஒரு நன்மையும் கிடைத்தது: 230 வோல்ட்டைத் தொடாமலே வேலை முடிகிறது. சி.சி.டி.வி. சாமான் விற்கும் கடையில் திருகு வைத்த டி.சி. ஜாக் ஆண், பெண் இரண்டும் கிடைக்கும். பெரும்பாலான மோடங்களுக்கு 5.5 மில்லிமீட்டர் வெளிவட்டம், 2.1 உள்வட்டம். கையோடு பழைய அடாப்டரைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். அதோடு ஒரு ஈ.எஸ்.பி.8266 ரிலே போர்டு, அதாவது வைஃபை சிப்பும் ரிலேயும் சேர்ந்த பலகை, 12 வோல்ட்டை ஏற்பது. போர்டுக்கும் கரண்ட் யூ.பி.எஸ்ஸிலிருந்தே போகட்டும். ஆனால் ரிலேக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும். பின்னாலிருந்து எடுத்தால் போர்டு தன்னையே வெட்டிக்கொள்ளும்.

ரிலேயில் மூன்று முனை இருக்கும்: காமன், என்.ஓ., என்.சி. யூ.பி.எஸ்ஸின் பிளஸ் ஒயர் காமனுக்கு. மோடத்துக்குப் போகும் பிளஸ் என்.சி. முனையிலிருந்து. மைனஸ் நேராகப் போகட்டும். என்.சி. என்றால் ரிலே சும்மா இருக்கும்போது சேர்ந்தே இருக்கும், ரிலேக்கு உயிர் கொடுத்தால் மட்டும் பிரியும். இதைத்தான் நான் வலியுறுத்திச் சொல்வேன். போர்டு செத்துப்போனாலும், நிரல் குழம்பினாலும், மோடத்துக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். என்.ஓ. இதற்குத் தலைகீழ், உயிர் கொடுத்தால்தான் சேரும்; அதில் கட்டினால் நாற்பது ரூபாய் ரிலே சாகும் நாளில் வீட்டு நெட்டும் சேர்ந்து சாகும். டாஸ்மோட்டா போட்டால் இந்த அமைப்பில் பவர்ஆன்ஸ்டேட் 0, பல்ஸ்டைம் 130. ஆன் தட்டினால் 30 விநாடி வெட்டிவிட்டுத் தானே விடும்.

மோடத்தில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் சரியா என்று ஒருமுறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் மோடத்துக்கு ரீஸ்டார்ட் தேவையே இராது.

தானே பார்த்துத் தானே தட்டும் காவலாள்

இதுவரை சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். மோடம் முழுசாகத் தொங்கிப்போனால் என் கட்டளை ரிலே வரைக்கும் எப்படிப் போகும்? போகாது. நெட் மந்தமாக இருக்கும்போதுதான் போனிலிருந்து தட்ட முடியும். செத்தபின் தட்ட முடியாது. ஆகவே ரிலே தானே கண்டுபிடிக்க வேண்டும்.

லேபில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். நிமிடத்துக்கு ஒருமுறை 8.8.8.8, 1.1.1.1 என்ற இரண்டு பொது இணைய முகவரிகளுக்கும் ஒரு பிங், அதாவது 'இருக்கிறாயா?' என்று ஒரு கேள்வி. இரண்டு முகவரி ஏனென்றால், ஒன்று பதில் சொல்லாவிட்டால் தப்பு அந்தப் பக்கம் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம் ஊமையாக இருந்தால் 30 விநாடி வெட்டு. பிறகு ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி கேள். சொந்தமாக எழுத முடியாதவர்களுக்கு, ஷெல்லி கம்பெனியின் புதிய தலைமுறை ஸ்மார்ட் சுவிட்ச்களில் இப்படிச் சிறு நிரலை ஏற்றும் வசதி இருக்கிறது. 'வாட்ச்டாக்' என்ற பெயரிலேயே தயாராக விற்கும் பிளக்குகளும் உண்டு.

மூன்றாவது முட்டாள்தனம் இங்கேதான். ஒரு விடுமுறைக்குப் போனபோது வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன். கேமராவில் மாற்றினேன், என் போனில் மாற்றினேன், ரிலே போர்டை மறந்தேன். கோவை வந்து சேர்வதற்குள் அம்மாவிடமிருந்து போன்: "அந்த டப்பா மின்மினி மாதிரி எரிஞ்சு எரிஞ்சு அணையுது, பேய் கீய் புடிச்சிருக்கா?" போர்டுக்கு வைஃபைக்குள் நுழைய முடியவில்லை. நுழைய முடியாததால் நெட் செத்துவிட்டது என்று முடிவு கட்டியது. வெட்டியது, பொறுத்தது, மறுபடி வெட்டியது. பத்து நிமிடத்துக்கொரு தரம், இரவு முழுக்க.

எனவே காவலாளுக்கும் கடிவாளம் வேண்டும். என் நிரலில் இப்போது மூன்று வெட்டுக்கு மேல் கிடையாது. மூன்றிலும் சரியாகவில்லை என்றால் ஆறு மணி நேரம் கைகட்டி நிற்கும். ஃபைபர் அறுந்த நாட்களிலும் இது உதவுகிறது. கம்பியே இல்லாதபோது மோடத்தை விடிய விடிய அடிப்பதில் என்ன லாபம்? இன்னொரு காரணமும் இருக்கிறது: கம்பெனிக்காரர்கள் இரவில் மோடத்துக்குப் புது மென்பொருள் அனுப்புவார்கள். அது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டை வெட்டினால் மோடம் செங்கல்லாகிவிடலாம்.

கடைசி வழி: ஒரு மிஸ்டு கால்

நெட் வழியை நம்பாத வழி ஒன்று வேண்டும். இதற்கு நான் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. அன்னூர்ப் பக்கம் என் மாமா தோட்டத்தில் கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார். ராத்திரி த்ரீ ஃபேஸ் வந்தால் கட்டிலில் படுத்தபடியே போன் போட்டு மோட்டாரை ஓடவிடுவார். விவசாயிகள் எத்தனையோ வருடமாகச் செய்வதுதான். மோட்டாருக்குப் பதில் மோடம், அவ்வளவே.

கேட் திறக்க விற்கும் ஜி.எஸ்.எம். ரிலே பெட்டி இதற்குப் பொருத்தம். சிம் போட்டு, என் எண்ணைப் பதிவு செய்துவிட்டால், நான் கூப்பிட்டதும் போனை எடுக்காமல் துண்டித்துவிட்டு ரிலேயைச் சொன்ன விநாடிக்கு இயக்கும். பதிவில் இல்லாத எண்ணுக்கு அசையாது. என்.சி. முனை வெளியே கொடுத்திருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அதை முதல் ரிலேயோடு வரிசையாகக் கோர்த்தேன்: யூ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. ரிலேயின் என்.சி., ஜி.எஸ்.எம். ரிலேயின் என்.சி., மோடம். யார் வெட்டினாலும் மோடம் அணையும்.

சிம் விஷயத்தில் ஏமாறாதீர்கள். மலிவான பெட்டிகள் பலவும் 2ஜி மட்டும் தெரிந்தவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம் இதில் உயிர் பெறாது. 4ஜி பெட்டி விலை கூடுதல்தான், ஆனால் 2ஜியின் ஆயுளை நம்பிப் புதிதாகப் பணம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த கம்பெனி சிம் என்பதை வீட்டு ஹாலில், பெட்டி இருக்கப்போகும் அதே அலமாரியில் போனை வைத்து முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் திண்ணையில் மூன்று கோடு, ஹாலில் ஒரு கோடு. சிம்முக்கு ரீசார்ஜ் தேதி தவறக்கூடாது. எனக்கு அது அம்மாவின் மாத்திரை வாங்கும் தேதியோடு சேர்த்து காலண்டரில் இருக்கிறது.

எதை இதில் மாட்டக்கூடாது

மோடம் பத்து வாட் சாமான். கேமரா அதைவிடக் குறைவு. அவற்றுக்கு எந்த ரிலேயும் தாங்கும். அந்தத் தைரியத்தில் வீட்டிலிருக்கும் எல்லாவற்றையும் மாட்டக் கை பரபரக்கும். வேண்டாம்.

தண்ணீர் மோட்டார் ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட், ஓடும்போது ஐந்து ஆம்பியர் சுமார். ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் என்று எழுதிய பிளக்கின் முனைகள் அதில் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு போனில் ஆஃப் என்று காட்டும், தொட்டி வழிந்துகொண்டிருக்கும். மோட்டாருக்குக் கான்டாக்டர் என்ற கனத்த ரிலே வேண்டும், ஒயர்மேன் வேண்டும். ஃபிரிட்ஜும் வேண்டாம். அணைத்து உடனே ஏற்றினால் கம்ப்ரசர் திணறும். ரெக்கார்டிங் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதையும் சட்டென்று வெட்டாதீர்கள், முறைப்படி அணைத்துவிட்டு வெட்டுங்கள்.

ரூம் ஹீட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்கழியில் போய்ச் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஹீட்டரைப் போட்டுவிட்டால் வீடு கதகதப்பாக இருக்குமே என்று என்னிடம் கேட்காத சிநேகிதி இல்லை. ஹீட்டர் மேல் யாராவது ஈரக் கம்பளியைக் காயப் போட்டிருந்தால் உங்களுக்குக் கோவையில் தெரியுமா? கண்ணால் பார்க்காமல் சூடாகும் எதையும் தூரத்திலிருந்து ஏற்றாதீர்கள். அணைக்கலாம், ஏற்றக்கூடாது.

இடி விஷயமும் அப்படியே. சித்திரை, வைகாசியில் இடி இறங்கும்போது போனில் ஆஃப் தட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ரிலேக்குள் இரண்டு முனைக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. மேகத்திலிருந்து பூமி வரை தாண்டி வந்ததற்கு அது ஒரு தடையா? அதோடு இந்த பிளக்குகள் ஒரு ஒயரைத்தான் வெட்டும், மற்றது தொட்டுக்கொண்டே இருக்கும். இருட்டிக்கொண்டு வந்தால் அம்மா கையாலேயே அடாப்டரைப் பிடுங்கி வைத்துவிடுவாள். அதற்கு இன்னும் ஒரு கருவி வரவில்லை. 230 வோல்ட்டில் வைக்கும் பிளக் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், பழைய வீட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒயர்மேனை வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது ஓட்டை முப்பது வருடமாக அழகுக்குத்தான் இருந்தது.

பாதுகாப்பு பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ரூட்டரில் போர்ட் திறந்து வெளியிலிருந்து நேராக ரிலேயைத் தொடும் பழைய யோசனையை விட்டுவிடுங்கள். பல வீட்டு இணைப்புகளில் சொந்தப் பொது முகவரியே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் திறந்த கதவு எல்லாருக்கும் திறந்த கதவுதான். கம்பெனி செயலி போதும், அல்லது டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு வி.பி.என்., அதாவது நம் கருவிகளுக்கு மட்டுமான தனி வழி. கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள், எங்கே எழுதினோம் என்பதையும்.

பனிக்காலத்தில் போர்டுகளில் களிம்பு ஏறும். ஈரச் சுவரை ஒட்டி வைக்காமல் டிவிக்குப் பின்னால், கொஞ்சம் சூடு இருக்கும் இடத்தில் வைத்தேன். பிளாஸ்டிக் டப்பாவில் காற்றுக்கு ஓட்டை, உள்ளே செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு. டப்பா மேல் பெரிய எழுத்தில் 'தொடாதே' என்று எழுதியிருந்தேன். அம்மா அதற்குக் கீழே குங்குமம் வைத்திருக்கிறாள்.

போன கார்த்திகையில் ஒரு விடிகாலை கேமரா சுற்றிக்கொண்டே இருந்தது. காவலாள் தன் மூன்று வெட்டையும் வெட்டி முடித்திருக்க வேண்டும். நான் மிஸ்டு கால் கொடுத்தேன், பெட்டி துண்டித்தது, ஐந்து நிமிடம் பார்த்தேன், வட்டம் நிற்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பொட்டுக்குக் கீழ பாரும்மா."

"செவப்புத்தான் கண்ணு. ராத்திரி மேல ஏதோ மரம் சாஞ்ச சத்தம் கேட்டுச்சு."

"அப்போ இன்னைக்குப் பால் வேண்டாம். நல்லா வெளிச்சம் வந்தப்புறம் கதவைத் திற."

"சரி, வர டீ போட்டுக் குடிச்சுக்கறேன். நீ தூங்கு."